ஊட்டியில் வாங்கிய ஜூனிபரும், படுத்து வாழும் மரங்களும்

போன வருஷம் தை மாதம் ஊட்டி போயிருந்தபோது ஒரு தொட்டிச் செடி வாங்கி வந்தேன். நீலம் கலந்த பச்சை. முள்ளு முள்ளாய்ச் சின்ன இலைகள். தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்து தரையைத் தேடுகிற கிளைகள். "ஜூனிபருங்க. பத்து வருஷம் ஆனாலும் இதே உசரந்தான்" என்றார் விற்றவர். சேவூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வைத்தேன். மாசி போனது, பங்குனி போனது. சித்திரை வெயிலிலும் பச்சையாகத்தான் நின்றது. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். வைகாசியில் ஒருநாள் கிளையைத் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது.

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஊசியிலைச் செடிகள் பட்டுப்போன பிறகும் பல வாரங்களுக்குப் பச்சை நிறத்தை விடாது. இலையில் மெழுகுப் பூச்சு தடிமன், உள்ளே ஈரம் குறைவு, அதனால் வாடித் தொங்குவதில்லை. நான் பெருமை அடிச்சுக்கிட்டிருந்த அந்த ஒரு மாசமும் அது செத்த செடி.

"ஏங்கண்ணு, குளுருல பொறந்ததைக் கொண்டாந்து சிமெண்டுத் தரைல வெச்சா அதென்ன பண்ணும்?" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அதோடு முடியவில்லை. இரண்டு கேள்விகள் நின்றுவிட்டன. ஒன்று, மரமாக நிமிர வேண்டியது ஏன் படுத்து வளர்கிறது? இரண்டு, மழை பெய்து வெளுத்த காலையில் எங்கள் மாடியிலிருந்து வடமேற்கே பார்த்தால் கோத்தகிரிப் பக்கத்து மலைவரிசை நீலமாகத் தெரியும். அவ்வளவு குளிரான மலை கண்ணுக்கெதிரே இருந்தும், இந்தச் செடி ஏன் அங்கே தானாக முளைக்கவில்லை? இந்த இரண்டையும் துரத்திச் சேர்த்த குறிப்புகள்தான் கீழே.

கடைசி மரத்துக்கு மேலே

மூன்று வருஷம் முன்னால் கம்பெனி வேலையாக லூதியானா போனேன். நாம் பருத்தி பனியனுக்கு என்றால், அவர்கள் ஸ்வெட்டருக்கு. வேலை முடிந்து இரண்டு நாள் லீவு போட்டு மணாலி வழியாக லாகுல் பக்கம் ஏறினோம். தேவதாரு, பிர், பூர்ஜ மரங்கள் எல்லாம் ஒரு உயரத்தோடு நின்றுவிட்டன. அதற்கு மேலே வெறும் புல், பாறை. நடுநடுவே கரும்பச்சைத் திட்டுகள், மலைக்குப் படை வந்த மாதிரி. கிட்டப் போனால் முழங்கால் உயரம்கூட இல்லாத புதர். அப்போது பேர் தெரியாது. அதுதான் ஜூனிபர்.

ஜூனிபர் என்பது ஒரே செடி இல்லை. உலகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். சைப்ரஸ் குடும்பம். சில நல்ல பெரிய மரங்கள், சில தரையோடு தரையாகப் பரவும் புதர்கள். இமயமலையின் உயரங்களில் பொது ஜூனிபர், இந்திய ஜூனிபர், செதில் ஜூனிபர் என மூன்று நான்கு புதர் இனங்கள் உண்டு. இதில் பொது ஜூனிபர்தான் உலகிலேயே அதிகப் பரப்பில் வாழும் ஊசியிலைச் செடி. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா என வட துருவத்தைச் சுற்றி ஒரு வளையமே போட்டிருக்கிறது. ஜின் என்ற சாராயத்துக்கு வாசனை கொடுப்பது இதன் நீலக்காய். அந்தப் பேரே ஜூனிபரின் ஐரோப்பியப் பெயர்களிலிருந்து வந்ததுதான்.

இப்படிப் படுத்து வாழ்வது ஜூனிபர் மட்டுமல்ல. ஆல்ப்ஸ் மலையில் முகோ பைன். சைபீரியாவிலும் ஜப்பானிலும் ஒரு குள்ள பைன். ஜப்பானியர் அதை 'ஹைமாட்சு' என்பார்கள், தவழும் பைன் என்று அர்த்தம். நியூசிலாந்து மலைகளில் இன்னொன்று, அதுதான் உலகின் மிகச் சிறிய ஊசியிலைச் செடி. ஒரு சாண்கூட வளராத நிலையிலேயே காய்க்கும். பெயர் லெபிடோதாம்னஸ் லாக்சிபோலியஸ். பேர்தான் பெரிசு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நம் ஊர்க் காட்டில் இதன் உறவினர் ஒருவர் வருவார்.

ப்ளீஸ் துணிக் கணக்கு

திருப்பூர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். குளிர்கால ஆர்டருக்கு ப்ளீஸ் துணி ஓட்டும்போது உள்பக்கம் 'ரைசிங்' கொடுப்பார்கள். நூலைக் கீறி, பஞ்சுபோல எழுப்பி விடுவது. அதே நூல், அதே எடை, ஆனால் துணி கதகதப்பாகிவிடும். துணியில் புதிதாகச் சூடு எதுவும் வந்துவிடவில்லை. எழும்பிய இழைகளுக்கு நடுவே காற்று அசையாமல் மாட்டிக்கொள்கிறது. அசையாத காற்று சூட்டை விடாது. அவ்வளவுதான்.

மலைமேல் படர்ந்த புதர் செய்வதும் இதேதான். உயரம் ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் காற்று குளிர்கிறது. சேவூர் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240 மீட்டர். வித்தியாசம் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி. நான் நின்ற லாகுல் சரிவு நாலாயிரம் மீட்டரை ஒட்டி. உயரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டாலே நம்ம ஊரைவிட இருபத்துநாலு டிகிரி குறைவு. ஆனால் இது காற்றின் கணக்கு. தரையை ஒட்டிய ஓர் அடிக்கு வேறு கணக்கு. வெயில் பட்டதும் மண்ணும் கல்லும் சூடாகின்றன. அடர்ந்து படுத்த கிளைகளுக்குள் காற்று ஓடுவதில்லை. அதனால் வெயில் நேரத்தில் புதருக்குள் இருக்கும் வெப்பம், தலைக்கு மேலே ஓடும் காற்றைவிட ஐந்து, பத்து டிகிரிகூட அதிகமாக இருக்கும். நிமிர்ந்து நிற்கும் மரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் தலை முழுக்கக் காற்றில் நிற்கிறது. காற்று என்ன குளிரோ அதே குளிர்தான் அதன் குருத்துக்கும்.

இதனால்தான் உலகம் முழுக்க மரங்களுக்கு ஓர் எல்லைக்கோடு விழுகிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் கோர்னர் பல கண்டங்களின் மலைகளில் மண்ணுக்குள் வெப்பமானி புதைத்து அளந்தவர். இமயமலையில் அந்தக் கோடு நாலாயிரம் மீட்டர் அருகே, ஆல்ப்ஸில் இரண்டாயிரம் சொச்சத்தில், வடக்கே லாப்லாந்தில் சில நூறு மீட்டரிலேயே. உயரங்கள் இப்படி வேறு வேறு. ஆனால் வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்று, ஆறு டிகிரியை ஒட்டி.

ஏன் ஆறு? மரத்துக்குச் சாப்பாடு கிடைக்காமல் போவதால் இல்லை என்பதுதான் ஆச்சரியம். அந்தக் குளிரிலும் இலை சர்க்கரை தயாரிக்கிறது. ஆனால் அந்தச் சர்க்கரையைக் கட்டையாக, குருத்தாக, வேராக மாற்றும் செல் பெருக்கம் ஐந்து டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. குடோன் நிறைய நூல் கிடக்கிறது, தைக்க ஆள் வரவில்லை. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் அதுதான் மரத்தின் எல்லைக்கோடு. படுத்த செடி என்ன செய்கிறது என்றால், தைக்கும் கூடத்தைத் தரையோரத்துக் கதகதப்புக்கு மாற்றிக்கொள்கிறது.

வெண்பனிப் போர்வை

வெயில் காலக் கதை அது. குளிர்காலத்தில் இன்னொரு சங்கதி. அப்போது மண் உறைந்துவிடும், வேரால் நீர் எடுக்க முடியாது. மேலே வெயிலும் காற்றும் இலையிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு, காற்று பனித்துகளை மணல்போல வாரி அடித்து இலையின் மெழுகைத் தேய்த்துவிடும். குளிர் மலையில் பல செடிகள் சாவது குளிரால் அல்ல, தாகத்தால்.

இதற்கு மருந்து வெண்பனியேதான். புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. மறுபடியும் ரைசிங் கணக்கு. வெளியே இருபது டிகிரி மைனஸில் இருந்தாலும், அரை மீட்டர் பனிக்கு அடியில் பூஜ்யத்தைவிடச் சற்றே குறைந்த வெப்பம்தான் இருக்கும். காற்று அடிக்காது, ஈரம் போகாது. முழங்கால் உயரச் செடிக்கு முழுப் போர்வை கிடைத்துவிடும். தலை நீட்டிய கிளை மட்டும் கருகும். கருகக் கருக, செடி பனியின் உயரத்துக்கே வெட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். லாகுலில் நான் பார்த்த புதர்கள் எல்லாம் யாரோ கத்தரி போட்டதுபோல் ஒரே மட்டமாக இருந்ததற்கு இப்போதுதான் காரணம் புரிகிறது.

சைபீரியக் குள்ள பைன் இதில் ஒரு படி மேலே. உறைபனி தொடங்கியதும், பெரும்பனி விழுவதற்கு முன்பே, அதன் கிளைகள் வளைந்து தரையில் படுத்துக்கொள்ளும். மேலே பனி விழுந்து மூடும். வசந்தத்தில் பனி உருகியதும் மறுபடி எழுந்து நிற்கும். வருஷா வருஷம் இப்படி.

உள்ளேயும் தயாரிப்பு உண்டு. குளிர் நெருங்கும்போது செல்கள் தங்களுக்குள்ளிருக்கும் நீரை வெளியேற்றி, சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளும். பனிக்கட்டி செல்லுக்கு வெளியே உருவாகும், உள்ளே கத்திபோலக் கிழிக்காது. நீர் ஏறும் குழாய்கள் மிகக் குறுகலானவை. உறைந்து உருகும்போது பெரிய காற்றுக்குமிழி உருவாகி அடைத்துக்கொள்ளும் ஆபத்து குறைவு. இலையை உதிர்க்காததும் ஒரு சிக்கனம்தான். கோடை மூன்றே மாதம். அதில் புது இலை தைத்துக்கொண்டிருக்க நேரம் ஏது? பழைய இலையை வைத்தே முதல் நாளிலிருந்து வேலையைத் தொடங்கிவிடும்.

தானே போடும் பதியம்

சேவூர்க்காரர்களுக்குக் கடலைச்செடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பூத்து முடிந்ததும் விழுது விட்டு மண்ணுக்குள் இறங்கும். ஜூனிபர் கிளையும் மண்ணைத் தொட்ட இடத்தில் இறங்கும், ஆனால் காய்க்க இல்லை, வேர்விட. மல்லிகைக்கு நாம் பதியம் போடுகிறோமே, அதை இது தானே போட்டுக்கொள்கிறது. விதையை மட்டும் நம்பினால் அந்தக் குளிரில் பிழைப்பு ஓடாது. காய் பழுக்கவே இரண்டு மூன்று வருஷம். பறவை தின்று எச்சமிட்டு, அது முளைத்து, முதல் குளிரைத் தாண்டுவது அபூர்வம். கிளை வழி பரவினால் தாய்ச்செடியின் வேரும் துணைக்கு இருக்கும்.

அவசரமே இல்லாத வாழ்க்கை. வருஷத்துக்குத் தண்டு பருப்பது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. பின்லாந்தின் லாப்லாந்தில் கிடைத்த ஒரு பொது ஜூனிபரின் தண்டில் 1,647 வளையங்களை எண்ணியதாக 2023இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சுந்தரர் அவிநாசிக்கு வந்ததாகச் சொல்லும் 8ஆம் நூற்றாண்டில் அது ஏற்கெனவே சில நூறு வயதான செடி. ஒரு புதர்ங்க. மரம்கூட இல்லை.

லாகுலில் மரமாக வளரும் ஜூனிபர் இனமும் உண்டு. அதில் ஆயிரம் ஆண்டைத் தாண்டிய மரங்களைக் கண்டுபிடித்து, லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்தார் வளையங்களைப் படித்திருக்கிறார்கள். அகல வளையம் என்றால் நல்ல வருஷம், ஒடுங்கிய வளையம் என்றால் வறண்ட வருஷம். மழைமானி வருவதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் வானிலைக் கணக்கு அந்தக் கட்டைக்குள் இருக்கிறது.

நம் மலையில் ஏன் இல்லை?

இப்போது இரண்டாவது கேள்வி. முதல் பதில் உயரம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவின் உச்சமான ஆனைமுடி 2,695. மரத்தின் எல்லைக்கோடு நம் அட்சரேகையில் அதற்கும் ஆயிரம் மீட்டர் மேலே. அதாவது நீலகிரியின் உச்சிகூட மரம் வளரக்கூடிய உயரம்தான். அங்கே புல்வெளி இருப்பது மரத்தின் எல்லை வந்துவிட்டதால் அல்ல. மார்கழி, தையில் பள்ளங்களில் விழும் உறைபனி, தீ, மண்ணின் ஆழம் எல்லாம் சேர்ந்து சோலையையும் புல்லையும் பிரித்து வைத்திருக்கின்றன.

இரண்டாவது, குளிரின் குணம். இமயத்தில் ஆறு மாதம் குளிர்காலம், பனிப் போர்வைக்குள் நீண்ட தூக்கம். ஊட்டியில் ராத்திரி உறையும், காலை பத்து மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றுவோம். பகலில் கோடை, இரவில் குளிர்காலம். போர்த்திக்கொள்ள வெண்பனி கிடையாது.

மூன்றாவது, வழி. ஆப்பிரிக்காவில் ஒரு ஜூனிபர் மரம் அரேபிய மலைகளில் தொடங்கி எத்தியோப்பியா, கென்யா வழியாகப் பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே போயிருக்கிறது. ஜூனிபர்களில் அந்தக் கோட்டைத் தாண்டியது அது ஒன்றுதான். அங்கே மலைக்கு மலை படிக்கட்டு மாதிரி தொடர்ச்சி இருக்கிறது. இமயத்துக்கும் நீலகிரிக்கும் நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டர் சூடான சமவெளியும் தக்காணமும். ஆனாலும் சில தாண்டி வந்திருக்கின்றன. நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடெண்ட்ரான் இமயத்து இனத்தின் நேர் உறவு. வரையாட்டின் சொந்தங்களும் வடக்கே உண்டு. இவை எப்படி வந்தன என்பதற்கு மீன் ஆய்வாளர் சுந்தர் லால் ஹோரா 1949இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: பழைய ஈரமான, குளிர்ந்த காலங்களில் சாத்பூரா மலைத்தொடர் பாலமாக இருந்திருக்கும் என்று. நீலகிரியின் சாண்டிநல்லா பகுதிச் சதுப்புகளில் படிந்த கரிமண்ணை ராமன் சுகுமாரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், மலைமேல் வறட்சி தாங்கும் புற்களே ஓங்கியிருந்தன என்பது அதில் ஒரு முடிவு. மலை குளிர்ந்தபோது கூடவே காய்ந்தும் இருக்கிறது.

ஆக நமக்கென்று ஊசியிலைக் குடும்பமே இல்லையா? இருக்கிறது, ஒன்றே ஒன்று. தீபகற்ப இந்தியாவின் ஒரே சொந்த ஊசியிலை மரம் நிரம்பாலி; அறிவியல் பெயர் நாகேயா வாலிச்சியானா. ஆனைமலை, அகத்தியமலைப் பக்கத்து மழைக்காடுகளில் ஓங்கி நிற்கும். வேடிக்கை என்னவென்றால் இலை ஊசியே இல்லை. அகலமான, நடுநரம்பு இல்லாத இலை. பார்த்தால் சாதாரண மரம் என்று கடந்துவிடுவோம். முன்னால் சொன்னேனே, நியூசிலாந்தின் ஒரு சாண் குள்ளர், அவரும் இவரும் ஒரே குடும்பம், போடோகார்ப்பேசி. ஒருவர் மழைக்காட்டில் வெளிச்சத்துக்காக எம்பினார், இன்னொருவர் குளிருக்குப் பயந்து படுத்தார்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாம் போட்டோ எடுத்துக்கொள்ளும் பைனும் சைப்ரஸும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. மெக்சிகோ பைன் நட்ட இடத்தோடு நிற்காமல், விதை பறந்து புல்வெளிக்குள் புகுந்துவிட்டது. புல்வெளி போனால் வரையாட்டுக்கு மேய்ச்சல் இல்லை, மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடும் பஞ்சும் இல்லை. அந்த மலைத் தண்ணீரில் ஒரு பங்குதான் பவானியாகக் கீழே வருகிறது. அதைக் குடிப்பது நாம்.

ஒரு வேளை அடுப்பு

நான் லாகுலில் ஒரு டீக்கடை ஓரம் குளிர் காய்ந்தேன். நல்ல வாசனைப் புகை. அப்போது ரசித்தேன். எரிந்தது அந்தப் புதரின் தண்டு என்று இப்போது தோன்றுகிறது. கட்டைவிரல் பருமன் தண்டு என்றாலும் பல பத்தாண்டுகள். ஒரு டம்ளர் டீக்குப் போனது.

மலைமக்களை இதில் குறை சொல்வது சரியில்லை. லடாக்கில் ஜூனிபருக்கு 'ஷுக்பா' என்று பேர். நாம் சாம்பிராணி போடுவதுபோல் அதன் கிளையைப் புகையாக்கி வழிபடுவார்கள். ஹெமிஸ் ஷுக்பாச்சன் என்று ஒரு கிராமமே அந்த மரத்தின் பேரில் இருக்கிறது. அங்கே ஜூனிபர் தோப்பைப் புனிதமாகக் காப்பாற்றி வருகிறார்கள். அளவு மீறியது வெளியாட்கள் கூட்டம் வந்த பிறகுதான். நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரமான கும்புப் பகுதியில் மலையேறும் குழுக்களுக்கும் விடுதிகளுக்கும் அடுப்பெரிக்கவே ஜூனிபர் புதர்களை வேரோடு பிடுங்கினார்கள். புதர் போன இடத்தில் மண்ணைப் பிடிக்க ஆள் இல்லை, சரிவு அரிக்கத் தொடங்கியது. 1976இல் தேசியப் பூங்கா ஆக்கி, பிறகு வெட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன.

இன்னொன்று புவி சூடாவது. சூடானால் குளிர்ச்செடிக்கு நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. பனி குறைந்தால் போர்வை போகிறது. அலாஸ்காவில் ஜூனிபரின் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் சீடர் மரங்கள் பெரும்பரப்பில் பட்டுப்போயின. காரணம், குளிர்காலம் மிதமாகி, தரையில் பனி குறைந்து, மூடாக்கு இல்லாத வேர்கள் திடீர்க் குளிரில் உறைந்தது. பூமி சூடாகி, செடி குளிரால் செத்தது. கீழேயிருந்து மரங்களும் ஏறி வந்து நிழல் போடும். படுத்த செடிக்கு வெயில்தான் மூலதனம். நிழலில் அதன் கணக்கு நட்டம்.

என் செடிக்கு வருவோம். அது செத்தது காற்றின் சூட்டால் மட்டும் இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, கீழே சிமெண்டு, வேருக்கு நாலு பக்கமும் அடுப்பு. வாடிவிடுமோ என்று நான் தினமும் ஊற்றிய தண்ணீர் அந்தச் சூட்டில் வேரை அவித்திருக்கும். தரையோரத்துச் சூட்டைச் சேர்த்துவைத்துப் பிழைக்கத் தெரிந்த உடம்பு அது. அதே திறமை சேவூர் சித்திரையில் அதற்கே எமனாகிவிட்டது.

காய்ந்த தண்டை ஒரு நாள் ரம்பம் வைத்து அறுத்தேன். பூதக்கண்ணாடி வைத்து எண்ணினால் ஏழு வளையம் தெரிந்தது. எங்கேயோ ஒரு நாற்றங்காலில் ஏழு வருஷம் வளர்ந்ததை நாலு மாசத்தில் முடித்துவிட்டேன். அந்தத் துண்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது, மோந்து பார்த்தால் பென்சில் வாசனை. தொட்டியில் அம்மா பிரண்டை வைத்திருக்கிறார். அது கேட்பாரில்லாமல் படர்ந்துகொண்டிருக்கிறது.